உயிரோடிருப்பவர்கள் மட்டும் வரவும்

"கடத்திக்கிட்டுப் போறவன் ஆளுக்கு மொட்டை போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவானா மேடம்?"

"மொட்டைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"இந்தத் தொட்டியைப் பாருங்க. ஆட்டுக்குட்டிக்கு முடி வெட்டின இடம் மாதிரி இருக்கு."

"எங்கப்பா ஆட்டுக்குட்டி இல்லை," என்றாள் குளியலறைக் கதவோரம் நின்ற உலுமா. அழுததில் குரல் கம்மியிருந்தது. "வன வாரியத்துல ரேஞ்சரா இருந்தவர். அறுபத்தாறு வயசு. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க."

ஒகெரே மாஸ்டர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். துப்பறியும் தொழிலுக்கு அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் பூகோள வாத்தியார். ஓய்வூதியம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று இஜெண்டுவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஓய்வூதியம் இன்னும் வழியில் வந்துகொண்டே இருந்தது. முதலாளியம்மாவுக்கு முப்பத்து நாலு வயது, உதவியாளருக்கு அறுபத்திரண்டு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவருக்குத்தான் வணக்கம் வைப்பார்கள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, "கேஸை அவங்ககிட்ட சொல்லுங்க, மனக்கஷ்டத்தை எங்கிட்ட சொல்லுங்க" என்று பிரித்து அனுப்புவார்.

இஜெண்டு தொட்டியில் கிடந்த ஒரு சுருள் முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நுனி கறுப்பு. அடி வெள்ளை.

"அப்பா தலைக்கு மை போடுவாரா?"

உலுமா தயங்கினாள். "சரிபார்ப்புக்குப் போறப்ப மட்டும். ரொம்பக் கிழவனாத் தெரிஞ்சா, 'இவர் யாரோட அப்பா'ன்னு கேக்கறாங்களாம்."

கூடத்துச் சுவரில் கிழக்கு வன வாரியத்தின் காலண்டர் தொங்கியது. மேல்பாதி முழுக்க டைரக்டர் அனோசிகே, அடையாள அட்டையும் கன்னங்கறுத்த தலைமுடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு தேதி வட்டமிடப்பட்டு, அடிக்கப்பட்டு, இன்னொரு தேதி வட்டமிடப்பட்டிருந்தது. இன்றைய தேதி.

அதன் கதை வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான். உலுமாவின் அப்பா இபெக்வெ ஆறு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். மொத்தமாக வரவேண்டிய பணிக்கொடை வரவில்லை. மாதப் பணம் மட்டும் வரும், அதுவும் மழை மாதிரி, நினைத்தால். அதில்தான் அவருடைய சர்க்கரை மாத்திரை, காலுக்கு எண்ணெய், மகள் வீட்டுச் சோபாவில் படுக்கும் கௌரவம் எல்லாம். இப்போது கடைசியில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தலைநகரில் வாரியத்து மண்டபத்தில் உயிர்ச் சரிபார்ப்பு. வாசல் அறிவிப்பில், 'உயிரோடிருப்பவர்கள் மட்டும் நேரில் வரவும். வராதவர்கள் இறந்ததாகக் கொள்ளப்படுவர்.' டைரக்டரே உட்கார்ந்து பார்ப்பாராம், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை மட்டும் வீட்டுக்கே போய். இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

"முதல்ல போன மாசம்னு சொன்னாங்க, அப்புறம் இன்னிக்குன்னு மாத்திட்டாங்க," என்றாள் உலுமா. "இந்த நாளுக்காகக் கோட்டு தேய்ச்சு, பேப்பரெல்லாம் அடுக்கி வச்சிருந்தார். பாருங்க, அப்படியே கட்டில் மேல கிடக்கு. காலையில எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். கைத்தடியும் இல்லை. ஊருக்கு ஒருத்தர் விடாம போன் போட்டுட்டேன். யாருமே எடுக்கலை."

"ஊரே போன் எடுக்கலைன்னா," என்றார் ஒகெரே, "ஒண்ணு எல்லாரும் செத்திருக்கணும். இல்ல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்கணும்."

"மாஸ்டர்!"

"சாரி மேடம்."

"போன தடவை ஆபீஸ் போனப்ப ஏதாவது தகராறா?" என்று கேட்டாள் இஜெண்டு.

"தகராறுன்னு இல்லை. வராந்தாவில யாரையோ தெரிஞ்சவரைப் பார்த்துச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாராம். வாட்ச்மேன் வந்து வெளியில கொண்டு விட்டுட்டான். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் தானாச் சிரிச்சுக்கிட்டார்."

இஜெண்டு முடிச்சுருளை மறுபடி பார்த்தாள். வெளியே வானம் மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், சரிபார்ப்புக்குப் போற மனுஷன் மை போட்டுக்கிட்டுப் போவான். இவர் போட்ட மையை மழிச்சுட்டுப் போயிருக்கார். அப்படின்னா?"

"கிழவனாத் தெரியணும்னு போயிருக்கார்."

"கிழவனாத் தெரிஞ்சா லாபம் உள்ள இடம் எது?"

ஒகெரே யோசித்தார். பேருந்தில் இடம் கிடைக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டார். அதற்குள் இஜெண்டு கதவின் பின்னால் தொங்கிய காலிப் பையை எடுத்துவிட்டிருந்தாள். 'டெஸ்டினி தையலகம், அபா' என்று அச்சிட்ட பை. உள்ளே ஒரு விரல்நீளத் துணிவெட்டு. பச்சைத் துணியில் வெள்ளைச் சேவல்.

*

தையல்காரர் காட்ஃபிரே வாயில் ஊசியோடு பேசினார். அந்த வாயில் இருந்து வருவது எல்லாமே கொஞ்சம் குத்தலாக இருந்தது.

"இந்தச் சேவல் துணியா? கனவுல கூட கொக்கரிக்குதும்மா. அமாஉக்வு ஊர்க்காரங்க. ஒரு செட்டுக்கே தச்சுக் குடுத்தேன். எல்லாம் எழுபது தாண்டின கிழடுங்க. அளவெடுக்க நிமிரச் சொன்னா, 'நிமிர்ந்துதான்டா நிக்கிறேன்'ங்கறாங்க."

"என்ன விசேஷம்?"

"மண்வெட்டி இறக்குறாங்க. இன்னிக்குத்தான்."

ஒகெரேயின் முகம் மலர்ந்தது. அவர் ஊரிலும் உண்டு. ஒரே வயதில் பிறந்தவர்கள் ஒரு செட்டு. சந்தையைப் பெருக்குவதும், ஊற்றுக்குப் போகும் பாதையை வெட்டுவதும் செட்டுக்கு ஒரு முறை. தலை நரைத்தாலும் முறை வந்தால் போகத்தான் வேண்டும். பிறகு ஒரு நாள், செட்டு முழுவதும் ஒரே துணி உடுத்தி, வெள்ளைத் தலையோடு வந்து, மண்வெட்டியை இளையவர்கள் காலடியில் வைத்துவிட்டு ஆடுவார்கள். அன்றோடு ஊர் அவர்களைக் கும்பிடும், வேலை வாங்காது. அன்று வராதவன் சாகும்வரை பொடியன்தான். செத்த பிறகும் அவன் பெட்டியைத் தூக்கச் செட்டு வராது.

"ஆனா எழுபது தாண்டினவங்கன்னு சொல்றாரே," என்றாள் உலுமா. "எங்கப்பாவுக்கு அறுபத்தாறுதானே?"

காட்ஃபிரே வாயிலிருந்து ஊசியை எடுத்தார், சிரிப்பதற்காக.

"சர்க்கார் வேலைக்காரனுக்கு ரெண்டு வயசும்மா," என்றார் ஒகெரே மெதுவாக. "ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு ஆபீஸுக்குக் குடுத்தது. ஆபீஸ் வயசைக் கொஞ்சம் குறைச்சு வச்சா, கூடக் கொஞ்ச வருஷம் சம்பளம். ஓய்வுங்கிறது ஒரு குழி, அதுக்குள்ள எவ்வளவு மெதுவா இறங்கறோமோ அவ்வளவு நல்லது."

"அப்ப நீங்களும் குறைச்சீங்களா?"

"எங்கே குறைக்கிறது? நான் பிறந்த அன்னிக்கு எங்க ஊர் மாதா கோயில் கூரை பிடுங்கிக்கிட்டு விழுந்துச்சு. அந்தத் தேதியை ஊரே வருஷா வருஷம் கொண்டாடுது. நானும் நேர்மையாத்தான் இருக்க வேண்டியதாப் போச்சு."

இஜெண்டு இதையெல்லாம் கேட்டது போலத் தெரியவில்லை. மேசை மூலையில் கிடந்த ஒரு வெள்ளைச் சட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாருது?"

"அதே செட்டு ஆள் ஒருத்தர். அவர் மட்டும் அளவு குடுக்க வரலை. டிரைவர்கிட்ட பழைய சட்டையைக் குடுத்தனுப்பி, இதே அளவுன்னார். கூடவே பெரிய தொப்பி ஒண்ணும் தைக்கச் சொன்னார். நேத்து உடுப்பை வாங்கிட்டுப் போன டிரைவர் இதை விட்டுட்டான்."

அவள் சட்டைப்பையின் மேல் ஓரத்தை விரலால் தடவி, ஒகெரேயிடம் காட்டினாள். நுணுக்கமான துளைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. சிலவற்றைச் சுற்றித் துருக் கறை.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு," என்றார் அவர்.

"அடையாள அட்டை குத்தின இடம். துருவைப் பாருங்க, இன்னும் செவப்பா இருக்கு. பழசு இல்லை, தினமும் குத்துறது. காலரையும் பாருங்க."

காலரின் உள்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கு இல்லை, மை.

"எழுபது தாண்டின செட்டு. அதுல ஒருத்தர் மட்டும் இன்னும் தினமும் மை பூசி, அட்டை குத்தி, எங்கேயோ வேலைக்குப் போறார். எங்க போறார் மாஸ்டர்?"

"அது எந்த ஆபீஸ்னு தெரிஞ்சா நானும் ஒரு மனு போடுவேன்."

இஜெண்டு சட்டையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "அமாஉக்வுக்கு விடுங்க வண்டியை."

"தலைநகர் வேற பக்கம் மேடம். சரிபார்ப்பு ஐந்து மணிக்கு..."

"தெரியும். அதனாலதான் சீக்கிரம் விடச் சொல்றேன்."

*

வழியில் உலுமா தன் அப்பாவைவிட அவருடைய காகிதத்தோடுதான் அதிக நாள் வாழ்ந்திருக்கிறோமோ என்பது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையோரம் சோளம் சுடும் பெண்ணிடம் ஒகெரே வண்டியை நிறுத்தினார். இஜெண்டு முறைக்க, "துப்பு கிடைச்சா சந்தோஷப்படணும் மேடம், வெறும் வயத்துல சந்தோஷம் நிக்காது" என்று நாலு கதிரும் சுட்ட ஊபெப் பழமும் வாங்கிக்கொண்டார். ஒரு கதிரை உலுமாவின் கையில் திணித்தார். அவள் மறுத்தாள், பிறகு கடித்தாள்.

ஊருக்கு நுழையும் முன்பே மேளம் கேட்டது. ஒரு ஊரே போன் எடுக்காததன் காரணம் சந்தைத் திடலில் நின்றுகொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டும் இருந்தது.

நடுவே பச்சைத் துணியில் கிழவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாக ஆடினார்கள். பெரிய ஆட்டம் இல்லை. ஒரு காலைத் தூக்கி, அதை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்து, பழைய இடத்திலேயே வைத்தார்கள். ஆனாலும் வெள்ளைத் தலைகள் எல்லாம் ஒன்றாக அசைந்தபோது, காற்றில் பஞ்சுக்காடு அசைவது போல இருந்தது. அவர்கள் இறக்கிய மண்வெட்டிகள் ஓரத்தில் குவிந்து கிடந்தன.

"அப்பா!" என்று உலுமா கத்தினாள்.

முன்வரிசையில், வெள்ளை அடிமுடி மட்டும் மிஞ்சி, சற்றே பளபளத்த தலையோடு ஆடிக்கொண்டிருந்த மனிதர் திரும்பினார். மகளைப் பார்த்ததும் பள்ளிக்குப் போகாமல் ஓணான் பிடிக்கும்போது அகப்பட்ட பையன் போல முகம் ஆயிற்று. ஆனால் கால் மட்டும் தாளத்தை விடவில்லை.

"இன்னும் ஒரு சுத்துதான்மா! முடிச்சுட்டு வந்திடறேன்!"

"ஐந்து மணிக்குச் செத்துப்போவீங்கப்பா!"

"அதுக்குள்ள முடிஞ்சிடும்!"

ஒகெரே தன் வாழ்நாளில் இதைவிட நியாயமான பதிலைக் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே திரும்பியவர், இஜெண்டு வேறு எங்கோ பார்ப்பதைக் கவனித்தார். வரிசையின் கடைசியில் ஒருவர். கறுப்புக் கண்ணாடி. காதுவரை இறக்கிய பெரிய தொப்பி. எல்லாத் தலையும் திறந்திருக்க, அது மட்டும் மூடியிருந்தது.

"ஏன்டா, ஊருக்கு முன்னாடி தொப்பியோடவா மண்வெட்டி இறக்குவ?" என்று பக்கத்துக் கிழவர் அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டார். பஞ்சுமூட்டைகளுக்கு நடுவே தார் டப்பாவைத் திறந்தது போல ஒரு கறுப்புத் தலை வெளிப்பட்டது. கூட்டம் ஓவென்று சிரித்தது.

ஒகெரேக்கு அந்தத் தலையைத் தெரிந்தது. காலையில் காலண்டரில் பார்த்தது.

இஜெண்டு வரிசைக்குள் நடந்துபோய், மடித்த வெள்ளைச் சட்டையை இரு கையாலும் நீட்டினாள். "மத்தியான வணக்கம் டைரக்டர் சார். உங்க சட்டை."

"நீங்க... தப்பா நினைச்சுட்டீங்க," என்றார் அந்த மனிதர். "நான் டைரக்டர் அனோசிகேயோட அண்ணன்."

"உனக்கு ஏதுடா அண்ணன்?" என்றார் இபெக்வெ பின்னால் வந்து நின்று.

*

மாமரத்தடியில் ஐவரையும் உட்கார வைத்துக் கள்ளும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து வைத்தார்கள். டைரக்டர் எதையும் தொடவில்லை. ஒகெரே அவருடைய பங்கையும் மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டார்.

"காகிதத்துல உங்களுக்கு என்ன வயசு சார்?" என்றாள் இஜெண்டு.

"ஐம்பத்தொன்பது."

"அடப்பாவி," என்றார் இபெக்வெ, வியப்போடுதான். "நான் ஆறு வருஷம் குறைச்சதுக்கே ராத்திரி தூக்கம் வரலை. நீ பதிமூணா? நம்ம ரெண்டு பேரும் பன்னிரண்டு வயசுல மல்லுக்கட்டி, நீ என்னைக் கீழே தள்ளினயே, அப்ப நீ பிறக்கவே இல்லையாடா?"

"மெதுவாப் பேசு."

"அதனாலதான் தேதியை மாத்தினீங்களா?" என்றாள் இஜெண்டு. "செட்டு விழா தேதி தெரிஞ்சதும், சரிபார்ப்பையும் அதே நாள்ல போட்டீங்க. ஆபீஸ் முழுக்க மண்டபத்துல இருக்கும். நீங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுலயே போய்ப் பார்க்கிறேன்னு சொல்லிட்டு இங்க வந்துடலாம். ஆனா அது மட்டும் காரணம் இல்லை. இவர் மண்டபத்துக்கு வரக்கூடாது. அதுதானே?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி எழுபத்திரண்டு வயதும் இருந்தது.

"போன தடவை வராந்தாவில இவன் என்ன பண்ணினான்னு தெரியுமா? அத்தனை கிளார்க் முன்னாடி, 'ஏ என் செட்டுக்காரா'ன்னு கையை விரிச்சுக்கிட்டு ஓடிவரான். என் துணை டைரக்டர் திரும்பிப் பார்க்கிறா. அவளுக்கு என் நாற்காலி மேல கண்ணு. நான் என்ன பண்ணுவேன்?"

"செட்டுக்காரனைப் பார்த்தா கூப்பிடாம போறது பாவம்டா."

"அதான்! நீ மறுபடியும் கூப்பிடுவன்னு எனக்குத் தெரியும்!"

"அதுக்காக எங்கப்பாவைச் சாகடிப்பீங்களா?" என்றாள் உலுமா.

"காகிதத்துல மட்டும்தாம்மா." டைரக்டருக்கே அது சரியாக ஒலிக்கவில்லை. "அப்புறம் மெதுவா... ஒரு மனு போட்டு..."

"மனு போட்டு உயிரோட வந்தவன் எவனையாவது பார்த்திருக்கீங்களா?" என்றார் ஒகெரே, எலும்பைக் கீழே வைத்து. முதல் முறையாக அவர் குரலில் வேடிக்கை இல்லை. "எங்க கூட வேலை பார்த்த தலைமையாசிரியர் ஒருத்தர் அப்படித்தான் காகிதத்துல செத்தார். மனு போட்டார். தினம் ஆபீஸ் வாசல்ல போய் நின்னார். கடைசியில ஆபீஸ் சொன்னதுதான் உண்மையாச்சு."

மேளக்காரர்கள் மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இஜெண்டு மணியைப் பார்த்தாள். "தலைநகருக்கு இனிமே போய்ச் சேர முடியாது. ஆனா டைரக்டர் தன் கண்ணால பார்த்தா போதும்னு விதி இருக்கு. படம் எடுத்து அனுப்பி, எங்க பார்த்தேன்னு சொல்லணும். துணை டைரக்டர் பட்டியல்ல ஏத்திடுவாங்க. ஐந்துக்குள்ள."

"ரொம்ப சுலபம்," என்றார் ஒகெரே. "இவர் ஊர்ல யார் வீட்டுலயாவது ஒரு கட்டில்ல படுக்கட்டும். போர்வையைக் கழுத்துவரை இழுத்து விடுவோம். முனகத் தெரியுமில்ல?"

டைரக்டர் முகத்தில் உயிர் வந்தது. "ஆமா! படுக்கையில கிடக்கிறான்னு அனுப்பிடறேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"படுக்க மாட்டேன்," என்றார் இபெக்வெ.

"அப்பா!"

"மண்வெட்டி இறக்கின அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் எவனும் படுக்கக்கூடாது. இந்தத் துணியையும் கழற்றக்கூடாது. ஒருத்தன் படுத்தா செட்டே படுத்த மாதிரி. அதோ பாரு, சைமன் ஒகோலி முட்டிவலியில அழுதுக்கிட்டு நிக்கிறான், உட்கார்றான், படுக்கலை. நான் காசுக்காகப் படுத்துட்டு, நாளைக்கு எவனாவது போய்ச் சேர்ந்தா? அவன் பெண்டாட்டி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" அவர் டைரக்டரைப் பார்த்தார். "நீ படுப்பியா?"

காகிதத்தில் எந்த வயதாக இருந்தாலும், டைரக்டரும் அமாஉக்வில் பிறந்தவர். தலையை மட்டும் ஆட்டினார். மாட்டேன்.

"பார்த்தியா. உன்னாலயே முடியலை."

"பின்ன எப்படிடா? இந்தச் சேவல் துணியில உன் படத்தை அனுப்பினா, 'இது என்ன விழா'ம்பா என் துணை டைரக்டர். உன் ஆறு வருஷம் வெளிய வரும்."

"வரட்டும். நான் ஏற்கெனவே வீட்டுக்கு வந்தாச்சு. திருப்பி அனுப்பவா போறாங்க? பிடிக்கிறதைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுக்கட்டும். மாத்திரைக்குப் போதும்."

"என்னோடது? உன்னை எங்க பார்த்தேன்னு சொன்னா, நீங்க அங்க என்ன பண்றீங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்ல?"

இஜெண்டு மறுபடி மணியைப் பார்த்தாள். துப்பறிகிறவர்களின் வேலை ஆளைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. கண்டுபிடித்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்பவைக்க வேறு யாராவது வேண்டும். ஒகெரே ஒன்றைக் கவனித்தார். நாலரை மணி வெயிலில், ஒரே துணியில், இரண்டு கிழவர்களும் ஒருவர் மற்றவருடைய நிழல் போல இருந்தார்கள். ஒருவருக்கு வெள்ளைத் தலை, மற்றவருக்குக் கறுப்பு. எது யாருடைய நிழல் என்றுதான் தெரியவில்லை.

உலுமா எதுவும் கேட்காமல் டைரக்டரின் மடியிலிருந்த போனை எடுத்தாள். துணை டைரக்டரின் பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. விட்டுப்போன அழைப்புகளில் அவள் பெயர்தான் மேலிருந்து கீழ்வரை. உலுமா ஒன்றை அழுத்தி, அவர் கையிலேயே போனைத் திருப்பி வைத்தாள்.

எதிர்முனையில் மணி ஒரு முறை அடித்தது. இன்னொரு முறை. பிறகு மண்டபத்தின் இரைச்சலும், அதன் நடுவே கூர்மையான ஒரு பெண்குரலும் வந்தன.

"ஹலோ? சார்? பட்டியலை மூடப்போறோம். ஒரே ஒருத்தர்தான் பாக்கி, இபெக்வென்னு ஒருத்தர். இறந்துட்டார்னு போட்டுடவா? ஹலோ, சார், எங்க இருக்கீங்க?"

பின்னால் மேளம் மறுபடி தொடங்கியது. டைரக்டர் போனை உள்ளங்கையால் மூடினார். மூடிய கையை இபெக்வெ பிடித்தார். பன்னிரண்டு வயதில் மல்லுக்கட்டப் பிடித்தது போல இல்லை, சும்மா பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விலக்கினார்.

"சொல்லுடா," என்றார். "என்னைப் பார்த்தேன்னு சொல்லு."